இடது கையால் வீசிய ஓவர்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் நான் பாத்திரம் கழுவிய உணவகத்தில் பார்பேடோஸ்காரர் ஒருவரும் வேலை செய்தார். தன் தீவின் அணிக்காக இரண்டே இரண்டு முதல்தர ஆட்டங்களில் வேகப்பந்து வீசியவர். வலது தோள் விலகியதோடு எல்லாம் முடிந்துவிட்டது. நகரின் சீசா பகுதியில் ஞாயிறுதோறும் விளையாடிய எங்கள் தமிழ் கிரிக்கெட் அணிக்கு அவரைக் கூப்பிட்டேன். இடது கையால் வீசப் பழகிவிட்டு வருவதாகச் சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலைக்கு முன் ஒரு மணி நேரம் பின்முற்றச் சுவரில் பந்து வீசினார்.

முதல் ஆட்டத்தில் அவருடைய முதல் மூன்று பந்துகளும் வைட்.

"இந்த ஓவரோடை ஆளை மாத்துவம்," என்றார் எங்கள் கப்டன்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, பாப்பம்," என்றேன்.

தமிழ் தெரியாவிட்டாலும் நாங்கள் கதைத்தது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். திரும்பி நடந்து, மறுபடி ஓடிவந்தார். நடு ஸ்டம்ப் சாய்ந்தது. நாங்கள் கட்டிப்பிடிக்க ஓடினோம். அவர் பந்துக்குக் கை நீட்டினார். ஓவரில் இன்னும் ஐந்து பந்துகள் இருந்தன.