இடுப்பில் ஒரு கோள்சொல்லி

பாரிசவாதம் வந்து இடது கால் சொல் கேட்காமல் போன பிறகு, என் கணவரின் சாரத்துப் பெல்டில் மகள் ஒரு சின்னக் கருவியைக் கொளுவிவிட்டாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, வயர் கிடையாது. அவர் நடப்பது, இருப்பது, படுப்பது எல்லாம் குடாவுக்கு அக்கரையில், திருகோணமலையில் வேலை செய்யும் மகளின் போனில் தெரியும். விழுந்தால் அந்தப் போன் அலறும். கோள்சொல்லி என்றுதான் நான் அதற்குப் பெயர் வைத்தேன்.

கிண்ணியாவின் பின்னேரங்களில் காற்றுக்கே தூக்கம் வரும். குசினி யன்னலால் கடலைப் பார்த்தபடி, அவருடைய நடை மகளின் போனுக்கு இப்போது எதால் போகிறது என்று யோசிப்பேன். பாலத்தாலா? பாலம் வருமுன் நாங்கள் ஏறிப்போன படகு ஓடிய தண்ணீருக்கு மேலாலா? கண் சொக்கும்போது, அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரின்மேல் ஆறுதலாக நடந்து போவார். கண்ணைத் திறந்தால் கதிரையில் இருப்பார்.

தொழுகையும் கதிரையில்தான். அதுதான் அவர் மனதை அரித்தது.

"நெத்தி நிலத்தில படாமத் தொழுறது தொழுத மாதிரியே இல்ல" என்பார்.

டொக்டர் நடக்கச் சொன்னார். இவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சாண் நிலம். எனக்கோ பயம். கீழே போனால் எழும்ப ஏலாமல் கிடந்துவிடுவாரே. "உங்கட காலப் பத்தி அல்லாஹ்வுக்குத் தெரியாதா?" என்று ஏசுவேன்.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் மகள் கோல் எடுத்தாள்.

"உம்மா, வாப்பா விழுந்திட்டார் எண்டு காட்டுது! அசைவே இல்ல! ஓடிப் பாருங்க!"

போனோடு ஓடினேன். கதிரை வெறுமையாக இருந்தது. அவர் தொழுகை விரிப்பில் கவிழ்ந்திருந்தார். "இஞ்சாருங்க!" என்று கத்தினேன். தூக்கக் குனிந்தேன். அப்போதுதான் பாதங்களைப் பார்த்தேன். இடது காலின் விரல்கள்கூட மடங்கி நிலத்தில் ஊன்றியிருந்தன.

நெற்றி நிலத்தில் பட, ஸுஜூதில் இருந்தார்.

தூக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். அவர் கதிரையைப் பிடித்து, மூச்சு வாங்கி, எழும்பி நின்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. மகள் "உம்மா, உம்மா" என்று கூப்பிடுகிறாள். அவர் குனிந்து நிமிர்ந்து, மறுபடி முழங்கால் மோத நிலத்தில் இறங்கினார்.

"உம்மா, திரும்பவும் விழுந்திட்டார் எண்டு காட்டுது!"

"விழட்டும் மகள்" என்றேன். "எழும்புவார்."