கடைசியாகக் கை வைத்தவர்

காரின் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஏசுபாதம் கல்யாண மோதிரத்தைக் கழற்றி இடது கன்னத்துக்குள் அடக்கிக்கொள்வார். பேட்டரி முனையில் மோதிரம் பட்டு ஒருமுறை விரல் வெந்துபோனதிலிருந்து இந்த வழக்கம். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால், "பாக்கெட்ல போட்டா மறந்துடுவேன் சார். வாயில கீறத எவனாச்சும் மறப்பானா?" என்பார். அவரே மறந்திருக்கிறார். ஒருநாள் டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் மனைவி ரத்தினபாய் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் வாங்கிப் போட்டார்.

கன்னம் புடைத்திருந்தால் அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போதும் பேச்சு நிற்காது. மோதிரம் விரலுக்குத் திரும்பிவிட்டால் வண்டியின் கோளாறு பிடிபட்டுவிட்டது. அதற்கப்புறம் விவாதம் கிடையாது.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அவருடைய ஷெட் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மாரிஸ், ஹெரால்டு, பழைய ஃபியட், லேண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு வழி தெரியும். மற்றவர்கள் வரவேண்டும் என்று அவர் நினைத்ததுமில்லை. மாருதி ஒன்று வழி தவறி வந்து நின்றபோது அதைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "இது கார் இல்ல சார், மிக்ஸி. மிக்ஸி ரிப்பேர்காரனாண்ட எடுத்துகினு போங்க" என்று அனுப்பிவைத்தார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. காக்கி அரைக்கால் சட்டை. மண்ணெண்ணெயில் கழுவி மரத்தூளில் தேய்த்த கைகள், நகத்தோரம் மட்டும் என்றும் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தலைக்கு மேல் மின்விசிறி ஆடினால் நைசாக நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார். போதகரிடம் சொல்லலாமே என்றால், "அது எலக்ட்ரீஷியன் கை. அதுல நாம பூரக்கூடாது" என்பார்.

கைதான் அவருக்கு எல்லாம். வந்து நிற்கும் வண்டிக்கு என்ன கோளாறு என்று அவர் கேட்டதே இல்லை. முதல் கேள்வி இதுதான்: "கடைசியா யார் கை வெச்சது?"

பதில் வருவதற்குள் அவரே கண்டுபிடித்துவிடுவார். நட்டின் முனைகள் மழுங்கியிருந்தால் ஒரு ஆள். உளியால் தட்டித் திருகிய வெட்டு இருந்தால் இன்னொரு ஆள். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுக்குப் பதிலாகக் கோந்தை அப்பியிருந்தால் மூன்றாவது ஆள், அவன் மேடவாக்கத்துக்காரன். ஆளைக் கண்டுபிடித்ததும் தீர்ப்பு தொடங்கும். வண்டிக்காரரை அருகில் கூப்பிட்டு, ஒவ்வொரு காயமாக விரல் வைத்துக் காட்டி, தெரு முனை பெட்டிக்கடை வரை கேட்கும் குரலில் சொல்வார்: "இது மெக்கானிக் கையா சார்? கொத்தனார் கை. இவன் ஸ்பானர் புடிக்கலே, கரண்டி புடிச்சிருக்கான்."

இந்தத் தீர்ப்புகளுக்கு நிரந்தரப் பார்வையாளர் தோத்தாத்ரி. ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஃபியட் ஒன்றிலிருந்து கழற்றி ஷெட்டின் மூலையில் போட்டிருக்கும் பின்சீட்டில், காலை பத்து மணிக்கு ஆங்கிலப் பேப்பரோடு வந்து உட்காருவார். பகல் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஏசுபாதம் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராக ஒன்றைச் சொல்வது அவர் ஓய்வுக்காலத்தின் முழுநேர வேலை.

தொண்ணூற்றொன்றில் ஒரு சனிக்கிழமை காலை தபீதாள் டீச்சர் தன் மாரிஸ் மைனரை ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் அவர். ஐம்பதைத் தாண்டியவர். அவர் சபையில் கார் ஓட்டிய முதல் பெண் அவர்தான். பாட்டில் பச்சை நிறம், ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. பின்சீட்டில் எந்நேரமும் தொண்ணூறு கணக்கு நோட்டுகள் இருக்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. வண்டியைக் காலி செய்துகொண்டு வந்திருந்தார்.

"நீங்க ஊர்ல இல்லாதப்போ முன்னாடி டக் டக்னு சத்தம் வந்தது, ஏசுபாதம். ஜி.எஸ்.டி. ரோட்டுல கண்ணாடிக் கதவு போட்ட ஒர்க்‌ஷாப்ல காமிச்சேன். புல்லி ஆடுது, கிராங்க் ஷாஃப்டே வளைஞ்சிருக்கு, இஞ்சின் அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க. பல்லாவரத்துல ஒரு ஸ்கிராப்காரர் மண்டே காலைல லாரியோட வரார். சரின்னுட்டேன்."

"சரின்னுட்டீங்களா?"

"நீங்களும் ஒரு தடவை பாத்துட்டு ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா மனசு ஆறிப் போயிடும். அப்புறம் பஸ்தான். ரெண்டு பஸ் மாறணும். முட்டி என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்."

ஏசுபாதம் மோதிரத்தை வாயில் போட்டுக்கொண்டு பானெட்டைத் தூக்கினார்.

"என்னப்பா, வழக்கமான கேள்வியக் காணோம்?" என்றார் தோத்தாத்ரி பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"இது நம்ம வண்டி சாமி. ரெண்டு வருஷம் முன்னாடி முன்பக்கம் பூரா பிரிச்சி டைமிங் செயின் மாத்தனது நானு. நம்ம கைக்கு கேள்வி இன்னாத்துக்கு?"

இஞ்சினை ஓடவிட்டுக் குனிந்தார். இஞ்சினின் நடுத்தண்டான கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், ஃபேன் பெல்ட்டை ஓட்டும் சக்கரம் உண்டு. அதுதான் புல்லி. நேராகச் சுழலவேண்டிய அது, குடித்தவன் நடையைப்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து வந்தது. தண்டு வளைந்திருந்தால் அதன் நுனியில் இருக்கும் புல்லி ஆடத்தான் செய்யும். ஒர்க்‌ஷாப்காரர்கள் அதைப் பார்த்துதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் புல்லி ஆடுவதற்குத் தண்டுதான் வளையவேண்டும் என்பதில்லை.

முதல் இரண்டு மணி நேரத்தை ஏசுபாதம் வீணாக்கினார். தான் மாட்டிய முன்பக்கத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சந்தேகப்பட்டார். டைனமோவைச் சந்தேகப்பட்டுப் பெல்ட்டைக் கழற்றினார். பெல்ட் இல்லாமலும் புல்லி ஆடியது. டீச்சரைக் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி, தண்டு முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்த்தார். நகரவில்லை. இஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை அழுத்திப் பார்த்தார். அவை சரியாக இருந்தன.

"நோக்கு வயசாயிடுத்து" என்றார் தோத்தாத்ரி. "கிராங்க்தான். ஒத்துக்கோ. அவா மெஷின்லாம் வச்சுண்டிருக்கா."

"மெஷினு வெச்சிகினு இருந்தா கண்ணு வந்துடுமா சாமி? எழுந்து வாங்க. அந்தப் பின்சக்கரத்தாண்ட வந்து குந்துங்க."

தண்ணீரை வடித்து ரேடியேட்டரை இறக்கினார். நாலு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார், அப்போதுதான் இஞ்சின் முரண்டு பிடிக்காமல் சுழலும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, வண்டியை டாப் கியரில் போட்டார். இனி அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் இஞ்சின் நிதானமாகச் சுற்றும். சுற்றும் வேலை தோத்தாத்ரிக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் இப்படி உட்கார வச்சதில்லே" என்று சொல்லிக்கொண்டே சுற்றினார்.

ஏசுபாதம் ஒரு கம்பியை டைனமோ தாங்கியில் கட்டி, அதன் முனையைப் புல்லியின் முகத்துக்குச் சற்றுமுன் நிறுத்தினார். புல்லி மெல்லச் சுழன்றது. ஓரிடத்தில் விளிம்பு கம்பியை உரசியது. அரைச்சுற்று கழித்து நெல்மணி நுழையும் அளவுக்கு விலகியது. பிறகு கம்பியை வளைத்து, புல்லியைத் தண்டோடு பிணைக்கும் நடு போல்ட்டின் வட்டக் கழுத்துக்கு நேராக வைத்தார்.

"சுத்துங்க சாமி."

ஒரு சுற்று. இரண்டு சுற்று. இடைவெளி மயிரிழையும் மாறவில்லை.

டீச்சர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ சென்டர் சரியா இருக்கு. சர்க்கிள் மட்டும்தான் சாஞ்சிருக்கு."

"அவ்ளோதான் டீச்சர். தண்டு வளைஞ்சிருந்தா இந்த போல்ட்டும் சேந்து ஆடணும். ஆடலியே. கிராங்க் கல்லு மாதிரி கீது. புல்லிதான் பூட்ச்சி." மோதிரத்தை எடுத்துச் சட்டையில் துடைத்து விரலில் மாட்டிக்கொண்டார். "லாரிக்காரன வரவேணாம்னு சொல்லிடுங்க."

டீச்சர் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டார். அவர் எதுவும் சொல்வதற்குள் ஏசுபாதம் தீர்ப்பைத் தொடங்கிவிட்டார். "கண்ணாடிக் கதவு போட்டவன் இன்னா பண்ணிகீறான் தெரியுமா? புல்லிக்குப் பின்னால லீவர வுட்டு நெம்பிகீறான். நெம்பிட்டு, கிராங்க் வளைஞ்சிபோச்சின்னு உங்களாண்டயே சொல்லிகீறான். அவன் கையெல்லாம் ஒரு கையா?" பெட்டிக்கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் ஸ்கிராப்காரருக்குச் சொல்லிவிட எதிர் மருந்துக்கடைக்கு ஃபோன் பண்ணப் போனார். ஏசுபாதம் நடு போல்ட்டில் ஸ்பானரை மாட்டினார். முழு எடையையும் போட்டுத் தொங்கினால்தான் அசையவேண்டிய போல்ட் அது. ஒரு விரல் அழுத்தத்தில் கழன்றுவிட்டது.

போல்ட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு இருந்தது. லாக் வாஷர். போல்ட்டை இறுக்கியபின் இந்த வாஷரின் ஓரத்தை நிமிர்த்தி, போல்ட்டின் பட்டையான பக்கத்தோடு ஒட்டி மடித்துவிட வேண்டும். மடித்துவிட்டால் எத்தனை வருஷம் அதிர்ந்தாலும் போல்ட் தளராது. இரண்டு நிமிட வேலை. அந்த வாஷர் பாக்கெட்டிலிருந்து வந்ததுபோல் தட்டையாக இருந்தது. மடிப்பின் தடமே இல்லை.

லீவர் போட்டு நெம்பிய காயம் எங்கும் கிடையாது. இரண்டு வருஷமாக போல்ட் துளித்துளியாகத் தளர்ந்திருக்கிறது. புல்லி தண்டின் மேல் ஆடி ஆடி, தன்னைத் தண்டோடு பிடித்திருக்கும், சாவி என்கிற சின்ன இரும்புத் துண்டை அரைத்து, அது உட்காரும் தன் பள்ளத்தையும் தின்றிருக்கிறது.

செயின் மாற்றிய அந்த நாள் ஏசுபாதத்துக்கு நன்றாக நினைவுக்கு வந்தது. இதே போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் முந்தைய மெக்கானிக் உளியால் போட்டிருந்த வெட்டுகளை டீச்சருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கொத்தனார் கை என்று அன்றும் சொன்னார். கால் மணி நேரம் சொன்னார். சொல்லி முடித்த சூட்டில் போல்ட்டை இறுக்கி, ரேடியேட்டரைத் தூக்கி வைத்துவிட்டார்.

பக்கத்திலேயே ஸ்குரு டிரைவர் கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினால் வாஷர் மடங்கிவிடும். டீச்சர் எதிர்க்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இந்தத் தகடு எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டுக்காரர்கள் ரேடியேட்டரைக்கூடக் கழற்றவில்லை. தோத்தாத்ரிக்குத் தெரியும். அவர் வாஷரைப் பார்த்தார், ஏசுபாதத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எதிராக எதையும் சொல்லாமல் போய் ஃபியட் சீட்டில் உட்கார்ந்து, பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

ஏசுபாதம் வாஷரைக் கையில் எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்தார்.

"டீச்சர். இங்க வாங்க." குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. பெட்டிக்கடைக்காரர்கள் மறுபடி திரும்பினார்கள். "இத்த பாருங்க. இத்த மடிச்சி வுட்டிருக்கணும். மடிக்கலே. அதான் போல்ட் லூசாகி, புல்லி ஆடி, இம்மா பேஜாரு. மடிக்காத கை எதுன்னு கேளுங்க."

டீச்சர் கேட்கவில்லை. ஏசுபாதமே தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"கண்ணாடிக் கதவுக்காரன் ஒண்ணும் பண்ணலே. அன்னிக்கு எனக்கு வாய்தான் வேலை செஞ்சிகினு இருந்துது."

டீச்சர் வாஷரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வருஷமா இதோடதான் வண்டலூர் போய்ட்டு வந்துட்டிருந்தேனா?"

"ஆமா டீச்சர்."

"மண்டே வண்டியையே ஸ்கிராப்புக்குக் குடுத்திருப்பேன்."

"ஆமா."

"கணக்குல கடைசி ஸ்டெப்ப விட்டா அரை மார்க் குறைப்பேன். இதுக்கு எவ்வளவு குறைக்கிறது?"

"ஃபெயில் போடுங்க."

தோத்தாத்ரி பேப்பரைத் தாழ்த்தினார். "நீ கத்தினது ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அவாகிட்ட யார் போய்ச் சொல்றது?"

"நான் போறேன் சாமி. சாயங்காலம் போறேன்."

மின்சார ரயிலில் புதுப்பேட்டைக்குப் போய், பழைய வண்டியிலிருந்து எடுத்த நல்ல புல்லி ஒன்றும், புதுச் சாவியும், புது வாஷரும் வாங்கிக்கொண்டு மூன்றரை மணிக்குத் திரும்பினார். டீச்சர் வீட்டுக்குப் போகாமல் ஃபியட் சீட்டின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். தண்டில் சாவி உட்காரும் பள்ளம் தேயாமல் தப்பித்திருந்தது. புல்லி பிசகில்லாமல் ஏறியது. போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு இரண்டு கையாலும் தொங்கினார். இவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு டீச்சரைக் கூப்பிட்டுச் சுத்தியலை நீட்டினார்.

"நானா?"

"நீங்கதான். நான் இத்த புடிச்சிக்கிறேன்."

ஸ்குரு டிரைவரின் முனையை வாஷரின் ஓரத்துக்கு அடியில் நுழைத்து, கைப்பிடியை விரல்களால் பிடித்துக்கொண்டார். "தட்டுங்க."

"கைல பட்டுடும் ஏசுபாதம்."

"பட்டா படட்டும்."

முதல் அடி விலகி அவர் கட்டைவிரலில் விழுந்தது. டீச்சர் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தார். ஏசுபாதம் விரலை எடுக்கவில்லை. வாஷரிலிருந்து கண்ணையும் எடுக்காமல், "மடியல டீச்சர், இன்னும் ரெண்டு" என்றார்.