சனிக்கிழமை வேலை

டென்மார்க்கின் விபோர்க் நகரத் தமிழரிடையே ஒருவர் ஒரு விசேஷத்துக்கு வராவிட்டால் ஆயிரம் காரணம் கேட்பார்கள். வேலை என்று சொல்லிவிட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கலியாணவீடு, செத்தவீடு, பூசை, பிறந்தநாள் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் வென்றுவிடும். வந்திறங்கிய காலத்தில் மீன் வெட்டியும் கோழி வெட்டியும் பிழைத்த சனம் அல்லவா, வேலைக்குப் போகிறவரை மறிக்க யாருக்கும் மனம் வராது. சுஜாந்தினியும் இந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டாள். திட்டம் போட்டுப் பிடிக்கவில்லை என்பதை அவளுக்காக முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அவள் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். கணவர் மரியரட்ணம் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் எழும்பவில்லை. பாரிசவாதம். வலப்பக்கம் போனது, பேச்சும் போனது. மிஞ்சியது "சரி, சரி" என்பது மட்டும்தான். பசிக்குதோ என்றாலும் சரி, சரி. நோகுதோ என்றாலும் சரி, சரி. பார்க்க வருகிற சனம் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு, வேண்டிய பதிலை வாங்கிக்கொண்டு, நிம்மதியாக வீடு போகும்.

காலப்போக்கில் சுஜாந்தினி அவரிடம் கேட்பதையே விட்டுவிட்டாள். முழுகவார்ப்பாள், சோறு தீத்துவாள், முகம் வழித்துவிடுவாள். வேலையிடத்தில் பலருக்குச் செய்வதை வீட்டில் இன்னும் ஒருவருக்குச் செய்தாள், அவ்வளவுதான். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடையதோ போல இருக்குமே, அவளுக்கு முழுச் சீவியமும் அப்படித்தான் இருந்தது. "சுஜா நல்ல தைரியமான பிள்ளை" என்று கோவில் வாசலில் சொன்னார்கள். அவள் அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை அவளுக்கு வேலைமுறை வருவதால், அன்று மரியரட்ணத்தோடு இருக்க கொமூன் என்கிற நகரசபை பியர்த்த என்ற பெண்ணை அனுப்பியது. பிறகு ஒரு நாள் வேலைமுறை மாறியது, சனிக்கிழமை லீவானது. அந்தச் சனிக்கிழமையும் பியர்த்த வழக்கம்போல் வந்து மணியடித்தாள். சுஜாந்தினி வழக்கம்போல் சாம்பல்நிற வேலைக்கோட்டை மாட்டிக்கொண்டு, "வேலைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லி வெளியே வந்தாள். கார் விடும் கொட்டிலுக்குள் நின்று யோசித்தபோதுதான் போவதற்கு ஓரிடமும் இல்லை என்பது விளங்கியது.

அங்கே சைக்கிள் நின்றது. கூட வேலைசெய்யும் லோனே, முழங்கால் தேய்ந்து போனதால் இவள் தலையில் கட்டிவிட்டது. தடித்த ரயர், வளைந்த கைபிடி, கிறவல் ரோட்டில் ஓடவென்றே செய்த சாமான். லோனே அதில் ஓஸ்திரியா மலைகளெல்லாம் ஓடியவள். மணி கட்டிய மாடுகள் மேயும் மலைப் புல்வெளி, ஊசியிலைக் காடு, கோபுரம் வைத்த சின்னச் சின்ன மலையூர் என்று போனில் படம் படமாகக் காட்டியிருக்கிறாள். "எங்களிட்டயும் அல்ப்ஸ் இருக்கு, டொலரூப் குன்றுகள்" என்று டேனிஷில் சொல்லிச் சிரிப்பாள். டென்மார்க்கின் மலை எப்படி இருக்கும்? மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் இறக்கம் வந்துவிடும்.

அந்த அல்ப்ஸுக்குத்தான் சுஜாந்தினி போனாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஏன் போகிறாள் என்று தெரியாமலே போனாள். ஊர் முடிந்ததும் தார் முடிந்தது. கிறவல் ரயருக்குக் கீழே நொறுநொறுவென்று அரைபட்டது. பீச் மரக்காட்டுக்குள் இருட்டு, வெளியே வந்தால் ஊதாப் பூப் பூத்த மேட்டுநிலம், அதில் கட்டைவேலி அடைத்து விட்ட செம்மறிகள். ஒவ்வொரு வேலிக்கும் ஒரு படலை. இறங்கித் திறந்து, உள்ளே போய், சாத்திவிட்டு ஏற வேண்டும். அப்பால் ஒரு வெள்ளைத் தேவாலயமும் நாலு கூரையும் இருக்கும் ஊர்கள், வாசலில் உருளைக்கிழங்குப் பை விற்கிற மேசைகள். ஒரு மணித்தியாலம் போனதும் கைபிடி அதிர்ந்து அதிர்ந்து இரண்டு கையும் விறைத்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. மற்ற விறைப்புக்குக் காரணம் சொல்ல முடியாது, இதற்காவது கல்லைக் காட்டலாம்.

அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும். ஹெல்மெற்றை மாரிகால ரயர்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். கொமூனுக்கும் சொல்லவில்லை, கணவரின் தமக்கை கத்தரீனாவுக்கும் சொல்லவில்லை, மரியரட்ணத்துக்கும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன, சரி, சரி என்பார். இப்படியே ஒரு வருடம் ஓடியது. சுகமில்லாத மனிசனை விட்டுவிட்டு வேலைக்குப் போனால் பாவம், கஷ்டப்படுகிறாள் என்பார்கள். அதே மனிசனை விட்டுவிட்டு சைக்கிள் ஓடப் போனால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சில மணித்தியாலமும் இல்லாவிட்டால் தான் என்ன ஆவாள் என்றும் ஓரளவு தெரிந்திருந்தது.

மாட்டிக்கொண்டது ஆவணி மாதத்தில். தமிழ்ச் சனம் ஹால்ட் ஏரிக்கரையில் கோழி வாட்டி ஒன்றுகூடல் வைத்தார்கள். எனக்கு வேலை, இவரையும் கூட்டிவர ஏலாது என்று சுஜாந்தினி முன்னமே சொல்லியிருந்தாள். ஏரிக்கரையைத் தவிர்த்து மேட்டுப் பாதையால் ஓடினாள். கறுப்புக் கண்ணாடி, ஹெல்மெற், முகமெல்லாம் சேறு. பெற்ற தாயே கண்டாலும் மட்டுப்பிடித்திருக்கமாட்டாள். செம்மறிப் படலையடியில் காலாற நடக்க வந்த ஒரு பெண், சைக்கிள்காரி இறங்கிச் சிரமப்படக் கூடாதென்று படலையைத் திறந்து பிடித்தாள். "வர்ஸ்கோ" என்று, போங்கள் என்ற கருத்தில், டேனிஷில் மரியாதையாகச் சொன்னாள்.

"நன்றி மச்சாள்" என்று சொல்லிக்கொண்டே சுஜாந்தினி கடந்து போனாள்.

வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. இருபத்தைந்து வருடப் பழக்கம். கொஞ்ச தூரம் போய், பிரேக் பிடித்து, திரும்பிப் பார்த்தாள். கத்தரீனா இன்னும் படலையைப் பிடித்தபடி நின்றாள்.

"சுஜாவோ?"

"ஓம்."

"உனக்கு வேலையெண்டெல்லோ அவனை வீட்டில விட்டிட்டு வந்தனாங்கள்."

ஒரு செம்மறி திறந்த படலையால் வெளியேறப் பார்த்தது. இருவருமாக அதைத் துரத்தி உள்ளே விட்டார்கள்.

அன்று பின்னேரமே கத்தரீனா வீட்டுக்கு வந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். தம்பியின் சக்கரநாற்காலிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"இவ்வளவு நாளும் காட்டுக்குள்ள சைக்கிள் ஓடியிருக்கிறாள் தம்பி. எங்களுக்கு வேலையெண்டு பொய். பரவாயில்லை, நடந்தது நடந்து போச்சு. இனிச் சனிக்கிழமை நான் வாறன். அந்த வெள்ளைக்காரியும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். சுஜா உன்னோட வீட்டில நிக்கட்டும். என்ன, சரியோ?"

"சரி, சரி" என்றார் மரியரட்ணம்.

"பாத்தியோ, அவனே சொல்லிப்போட்டான்."

"ஓம் மச்சாள்" என்றாள் சுஜாந்தினி. தன்னிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறார்கள் என்பது புத்திக்குத் தெரிந்தது. நெஞ்சுக்கு ஒன்றும் எட்டவில்லை. தேத்தண்ணி போட எழும்பினாள்.

சனிக்கிழமை கத்தரீனா மீனும் சட்டியுமாக வந்திறங்கினாள். மரியரட்ணத்தை ரீவிக்கு முன் விட்டுவிட்டு இருவரும் வெங்காயம் உரித்தார்கள். அவர் இடக்காலாலும் இடக்கையாலும் தெண்டித் தெண்டி நாற்காலியைக் குசினி யன்னலடிக்குக் கொண்டுவந்தார். கத்தரீனா திரும்ப ரீவியடியில் கொண்டுபோய் விட்டாள். அவர் திரும்ப வந்தார். வந்து, கண்ணாடியில் விரலால் தட்டினார். விடாமல் தட்டினார்.

"சனிக்கிழமையில அவருக்கு அந்த யன்னல்தான் வேணுமாம். குருவி பாக்கிறவர் எண்டு பியர்த்த சொல்லுறவ" என்றாள் சுஜாந்தினி.

வழுகியிருந்த அவருடைய காலை மிதியில் தூக்கி வைக்கக் குந்தியபோது, அவள் தலை அவர் தலையளவுக்குத் தாழ்ந்தது. அந்த யன்னலுக்கு வெயிற்சீலை பாதிவரை இறக்கியிருக்கும். நின்று பார்க்கிறவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அவள் எப்போதும் நின்றுதான் பார்த்திருக்கிறாள். இப்போது சீலைக்குக் கீழால் கொட்டில் முழுதாகத் தெரிந்தது. கோட் மாட்டுகிற ஆணி, ரயர் அடுக்கு, அதற்குப் பின்னால் ஹெல்மெற், சைக்கிள். குருவி ஒன்றும் இல்லை.

அவள் அப்படியே குந்தியிருந்தாள். மரியரட்ணம் தட்டுவதை நிறுத்தினார். சைக்கிளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, "சரி, சரி" என்றார்.

யாரும் அவரிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மூன்று வருடத்தில் அவர் தானாகச் சொன்னது அதுதான் முதல்தடவை. கத்தரீனாவும் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னவாமடி?"

"இஞ்சருங்கோ" என்று சுஜாந்தினி அவருடைய இடக்கையைப் பிடித்தாள். "நான் சைக்கிள் ஓடப் போகட்டோ?"

கேட்ட பிறகுதான், இவரிடம் ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலமாகிறது என்று அவளுக்கு உறைத்தது. அவர் அந்தத் தடவை வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்த கையை விடுவித்து, அவள் தோளில் வைத்து, வாசல் பக்கமாகத் தள்ளினார். பலமில்லாத தள்ளல்தான். ஆனால் தள்ளல்.

"போட்டு வாறன்" என்றாள். வேலைக்கு என்று சொல்லவில்லை.

கத்தரீனா வெங்காயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "கெதியா வா. மீன்குழம்பு ஆறிப்போடும்" என்றாள் திரும்பாமலே.

கொட்டிலில் ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டு சுஜாந்தினி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். சீலைக்குக் கீழே அவருடைய முகம் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான் இருந்திருக்கிறது. ஒரு வருடமாக அவர் அவளை வழியனுப்பியிருக்கிறார், அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கையைக் காட்டினாள். அவரும் காட்டினார்.

முதல் செம்மறிப் படலையில் இறங்கியபோது அழுகை வந்தது. மூன்று வருடத்து அழுகை, இலேசில் நிற்கவில்லை. உள்ளே நின்ற செம்மறிகள் மேய்வதை விட்டுவிட்டுப் பார்த்தன. அவள் படலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுது முடித்தாள். பிறகு திறந்து, உள்ளே போய், ஞாபகமாகச் சாத்தினாள்.