முகப்புப் பக்கத்தில் இருந்த தவமலர் அக்கா

என் மூத்த பேரன் பிரணவன் மருத்துவப் படிப்பின் கடைசிச் சோதனையிலும் சித்தியடைந்துவிட்டான். இளையவன் கஜன் கொலோன் நகரில் ரயில் பாலங்களைப் பரிசோதிக்கும் எஞ்சினியர். பேத்தி ஆரணிக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. அந்த நூலகத்தின் இணையத்தளத்தை அடியோடு மாற்றிப் புதிதாக அமைத்தவர்களில் அவள்தான் முதல் ஆள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இவற்றைச் சொல்லத் தொடங்கினால் வாய் ஓயாது. அன்றைக்கும் லண்டனில் இருக்கும் மச்சாளுக்குத் தொலைபேசியில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் இன்னொரு அழைப்பு வந்தது. தவமலர் அக்காவின் மகன் சுகந்தன்.

"அன்ரி, அம்மா விடிய போயிட்டா" என்றார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும், அம்மாவோடு பத்தொன்பது வருடம் வேலை செய்தவர் நீங்கள்தானே என்று பிறகு கேட்டார். ஒப்புக்கொண்டேன். ஆனால் நல்லதை மட்டும் எழுதி நிறுத்த மனம் இடம் தரவில்லை. படித்துவிட்டுப் போட விருப்பமில்லையென்றால் சுகந்தன் போடாமல் விடலாம்.

ஆரணி இப்போது இருக்கும் அதே நூலகத்தில்தான் நாங்கள் இருவரும் துப்புரவு வேலை செய்தோம். காலை ஐந்து மணிக்கு நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு தொடங்கினால், எட்டு மணிக்குப் பிள்ளைகள் வரும்போது தளமெல்லாம் பளபளக்கும். நான் சேர்ந்த முதல் கிழமை, ஒரு மேசையில் விரித்தபடி கிடந்த புத்தகங்களையெல்லாம் மூடி அடுக்கிவிட்டு, மேசையை அழுத்தித் துடைத்தேன். அக்கா வந்து பார்த்தார்.

"பரமேசு, வீட்டில கோப்பை அடுக்கிற மாதிரியே அடுக்கியிருக்கிறாய்? அந்தப் பிள்ளை எத்தினையாம் பக்கத்தில விட்டிட்டுப் போனது எண்டு உனக்குத் தெரியுமோ?"

பிறகு செய்து காட்டினார். விரிந்த புத்தகத்தை விரிந்தபடியே இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தித் தூக்கி, அடியில் என்னைத் துடைக்கச் சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு புத்தகத்தையாவது மூடியதை நான் காணவில்லை.

முழங்கால் வருத்தத்தால் நான் முதலில் நின்றுவிட்டேன். அக்கா தொடர்ந்தார். அதன் பிறகுதான் ஆரணி அங்கே சேர்ந்தாள், இணையத்தள வேலையும் தொடங்கியது. புதுப் பக்கத்தைப் பரீட்சித்துப் பார்க்கப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் கணினிக்கு முன் இருத்தியவள், எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்திருக்குமா என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் எங்கெங்கோ அழுத்தி வழிதவறிப் போனேன். அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, வாறவைக்கு முதல்ல கதவு திறந்திருக்கோ பூட்டியிருக்கோ எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை உள்ளுக்கை வந்து பாக்கட்டும்."

ஆரணி சிரித்தபடி எழுதிக்கொண்டாள். இன்றைக்கு அந்தத் தளத்தைத் திறந்தால் திறக்கும் நேரம்தான் எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் வருகிறது. அது தவமலர் அக்கா சொன்னது.

நூலகத்தை நடத்தும் ஆட்களின் படங்களும் முகப்புப் பக்கத்தில் வந்தன. அவற்றில் ஒன்று அக்காவின் படம். தோளில் துடைக்கும் துணி, உள்ளங்கைகளில் விரிந்த புத்தகம். ஒப்புதல் படிவத்தில் அவர் ஒவ்வொரு எழுத்தாகப் பெயர் எழுதியதை ஆரணி எனக்குச் சொன்னாள்.

அந்த மாதம் ஒரு கலியாண வீட்டில், கண்டவர்களுக்கெல்லாம் கைத்தொலைபேசியை நீட்டிப் பேத்தியின் கெட்டித்தனத்தைக் காட்டினேன். ஒரு பெண் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"உது தவமலர் எல்லோ? நீங்களும் உவவோடதானே வேலை செய்தனீங்கள்? அப்ப நீங்களும் தும்புத்தடிதானோ?"

கூட்டுகிற தடியின் பெயரையே எனக்கு வைத்ததும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நூலகத்தில் வேலை செய்தேன் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். என்ன வேலை என்று சொன்னதில்லை. புத்தகம் கொடுக்கும் மேசையில் இருந்தேன் என்று அவர்கள் நினைத்தபோது திருத்தவுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரணிக்கு அழைத்தேன். தவமலர் அக்காவுக்கு அந்தப் படம் வெட்கமாக இருக்கிறதாம், தளத்திலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார் என்றேன். முழுப் பொய். அவ கையெழுத்து வைத்தவ எல்லோ என்று கேட்டாள். இப்போது வேண்டாமாம் என்றேன். இந்த நாட்டில் ஒருவர் தன் படம் வேண்டாமென்றால் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அக்காவைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று ஆரணியும் அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் அந்த இடத்தில் ஆளில்லாத படிக்கட்டின் படம் இருந்தது.

அடுத்த கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தார். கனடாவில் இருக்கும் தங்கச்சியிடம் தளத்தில் தன் படத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தாராம். படத்தைக் காணவில்லை, கனவு கண்டாயோ என்று தங்கச்சி கேலி செய்தாராம்.

"எங்கட மூஞ்சி அவையளுக்குச் சரிவரேல்லைப் போல, பரமேசு" என்றார்.

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். "ஓம் அக்கா, வெள்ளையள் உப்பிடித்தான்" என்றேன். இந்தக் கையால் எழுதுகிறேன், அப்படித்தான் சொன்னேன்.

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, "ஆரணியிட்ட இதைக் கேட்டுப் போடாதை. வேலை இடத்தில பிள்ளைக்குச் சங்கடம்" என்றார்.

அதற்குப் பிறகு, மேல் மாடி ஏற ஏலாது என்று சொல்லி, நிலவறையில் புத்தகம் அடுக்கும் பகுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் துடைத்தார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறை சந்திக்கும்போதும் நினைப்பேன். பேரப்பிள்ளைகளின் கதையைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அவர் சலிக்காமல் கேட்பார்.

செத்தவீட்டன்று ஆரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே, "நானெண்டாலும் அவவிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அம்மம்மா" என்றாள். அந்தப் படம் இப்போது எங்கேயும் இல்லை. வேண்டாமென்று சொன்னவரின் படத்தைப் பிரதி இல்லாமல் அழித்துவிட வேண்டுமாம்.

என்னிடம் வேறொரு படம் இருக்கிறது. நான் வேலையை விட்ட அன்று எடுத்தது. ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். இருவரும் நீலக் கோட்டில் நிற்கிறோம். வாளி என் கையில், அக்காவின் கை என் தோளில். என் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். அம்மாவுக்காக நீங்கள் வையுங்கள், சுகந்தன்.

அக்கா, மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. போய் வாருங்கள்.

ஆரணி, இந்தப் புதுப் படத்தை முகப்பில் போடு. கீழே எங்கள் இரண்டு பேருடைய பெயரையும், நாங்கள் செய்த வேலையையும் எழுது.