வெள்ளிக்கிழமைகளில் மட்டும் படம் வராத டிவி

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் எடிட்டிங் அறை. மேசைமேல் நான் வேலை பார்க்கும் மானிட்டர், எதிர்ச் சுவரில் ஒரு பெரிய டிவி. கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்தால் நான் வெட்டி ஒட்டிய வீடியோ அந்த டிவியில் ஓடும். அதைச் சுவரில் மாட்டி, கேபிள் இழுத்து, எல்லாம் சரிசெய்து கொடுத்தவர் என் கணவர். அப்போது அவர் கேமராவோடு போவார், நான் எடிட் செய்வேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் இரண்டு பேரும் சும்மா இருப்போம். அந்தச் சும்மா இருத்தல் கட்டுப்படியாகவில்லை. குவைத்தில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்ததும் போய்விட்டார். இப்போது வேறு கேமராக்காரர்கள் எடுத்ததை நான் எடிட் செய்கிறேன்.

அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்று காலை எழுந்ததும் வீடியோ காலில் வருவார். போனைக் கையில் பிடித்தால் என் வேலை நடக்காது என்பதால் கம்ப்யூட்டரிலேயே எடுப்பேன். மானிட்டரின் மூலையில் சின்னச் சதுரமாக அவர் முகம். நான் எடிட் செய்துகொண்டிருப்பேன். அவர் துணி மடிப்பார், சவரம் செய்வார், வெறுமனே படுத்திருப்பார். பேசாமலே வெகுநேரம் போய்விடும். ஆனாலும் பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.

பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. புதிதில் சாஃப்ட்வேரை நானே ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் டிவி தகராறு செய்ய ஆரம்பித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து ஓர் அக்கா இறங்கி வந்தார். ஒரே மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்திருந்தார். வீடியோவை முழுசாக ஒருமுறை பார்த்துச் சரியென்று சொல்ல வந்திருந்தார். டிவியில் ஓடவிட்டேன். மேளச் சத்தம் மூலையில் இருந்த கணவருக்குப் போக வேண்டாம் என்று, வீடியோ காலில் என் மைக்கை அணைத்தேன். அக்கா முன்னால் சாய்ந்தார்.

"இன்னாம்மா, மேளம் கேக்குது, பொண்ணக் காணோமே?"

திரும்பிப் பார்த்தால் டிவி கறுப்பாக இருந்தது.

மானிட்டர் மூலையிலிருந்து கணவர் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். "இன்னா ஆச்சு?" என்றார்.

மைக்கைப் போட்டு, "டிவியில படம் போயிடுச்சுங்க," என்றேன்.

"கேபிளக் கயட்டி மாட்டு."

மாட்டிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். படம் வந்தது. வந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல, கால் ஜன்னலை க்ளிக் செய்தேன். டிவி மறுபடி கறுத்தது.

"செட்டிங்ஸ்ல பிளேபேக்குக்குப் போ. ரெண்டாவது மானிட்டருக்கு, அதான் டிவிக்கு, டிக்கு இருக்குதா பாரு."

"இருக்குதுங்க."

"அப்ப டிவிதான் போச்சு போல."

மேசை மானிட்டரிலேயே பாருங்கள் என்று அக்காவைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதுல அவ மூஞ்சி சுண்டுவிரல் கணக்கா கீதும்மா. மலைக்குப் போற பஸ்ஸ வுட்டா அப்புறம் சிரமம். வேற ஒரு நாள் வரேன்," என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் படியிறங்குவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். டிவி நன்றாக ஓடியது. "ஒண்ணுமில்லக்கா, ஜோரா ஓடுது," என்று போய்விட்டார். இருந்தாலும் புதுக் கேபிள் வாங்கி மாட்டினேன். வாரம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தது, படம் போனது. அடுத்த வெள்ளியும் அப்படியே. வெள்ளிக்கிழமை கரண்ட் கம்மியாக வருகிறதோ என்றார் என் கணவர். நான் அதையும் நம்பி லைன்மேனைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கால் வரவில்லை. டூட்டி போட்டுவிட்டார்கள் என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தார். வேலையில் மனசே ஒட்டவில்லை. எதையோ வெட்டி, அதையே திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கரியாலூர் அக்கா மறுபடி வந்து நின்றார். தயங்கித்தான் ஓடவிட்டேன்.

படம் போகவே இல்லை. முகூர்த்தம், சாப்பாடு, வாழ்த்து, வண்டியேற்றம் எல்லாம் ஓடியது. வண்டியில் ஏறும் முன் அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிற இடத்தில் அக்கா கையைத் தூக்கினார்.

"இங்க நிறுத்தேன்."

நிறுத்தினேன்.

"அன்னிக்கு நான் இதப் பாக்கவே இல்ல. சீர்ப் பாத்திரத்த வண்டியில ஏத்திக்கினு இருந்தேன். என்னத்தான் தேடிக்கினு இருந்திருக்கா, பாரு."

அவர் போதும் என்று சொல்லும்வரை அந்தப் படத்தை அப்படியே வைத்திருந்தேன்.

அக்கா போன பிறகுதான் மானிட்டரைப் பார்த்தேன். மூலை காலியாக இருந்தது. மற்ற நாட்களில் இல்லாமல் வெள்ளிக்கிழமை மட்டும் இருப்பது எது என்று அப்போதுதான் உறைத்தது. கால் ஜன்னலை க்ளிக் செய்யும்போதெல்லாம் படம் போயிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. அவர் இல்லாத நாளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளி அவர் வீடியோ காலில் வந்ததும் சொன்னேன்.

"நான் வந்தாத்தான் உன் டிவி அணைஞ்சு போவுதா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கால போன்ல வச்சிக்கலாமா?" என்று கேட்டார்.

"வாணாம். நீங்க இங்கயே இருங்க. செட்டிங்ஸுல எதுனா இருக்கும்."

இருவருமாகத் தேடினோம். நான் ஒவ்வொரு வரியாகப் படிக்க, அவர் ஆமாம், இல்லை என்று சொல்லிவந்தார். பிளேபேக் பக்கத்தின் அடியில், வேறு ஜன்னலுக்குப் போனால் வெளித்திரைக்குப் படம் அனுப்பாதே என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. சாஃப்ட்வேர் ஏற்றும்போதே அதற்கு டிக் விழுந்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் அவர் அதை எடுத்துவிட்டிருப்பார்; கேட்டதற்கு, நினைவில்லை என்றார்.

டிக்கை எடுத்தேன். வீடியோவை ஓடவிட்டு, கால் ஜன்னலை க்ளிக் செய்தேன். டிவியில் படம் அப்படியே ஓடியது.

"எனக்கும் காட்டேன்," என்றார்.

மானிட்டர்மேல் இருந்த வெப் கேமராவைக் கழற்றி டிவியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். அதே கரியாலூர்க் கல்யாணம்தான். மாப்பிள்ளை வீட்டு வேன் மழையில் மலையேறி வருகிற இடம் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த வளைவு தெரியுதா? முன்ன ஷூட்டிங் போறப்ப நாம அங்க வண்டிய நிறுத்திட்டு நனைஞ்சமே."

"கேமராவ என் முந்தானைக்குள்ள வச்சிக்கினு நின்னேன்."

"ஆமா. திரும்பப் போடு, பாக்கலாம்."

திரும்பப் போட்டேன். நான் அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது டிவியும் மலைப்பாதையும்தான். எனக்கு அவர் தெரிந்தார். அவர் என்னைப் பார்க்கும்போது நான் இப்படி உற்றுப் பார்த்ததே இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது, அதைச் சொல்லவே இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, பனியனோடு உட்கார்ந்து, அந்த மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடி முடிந்து படம் நின்றது. "முடிஞ்சிடுச்சா?" என்றார்.

"இல்லங்க, இன்னும் இருக்குது," என்று சொல்லி, முதலிலிருந்து ஓடவிட்டேன்.