செத்துப்போகாத அப்பாவும் இரண்டு விண்ணப்பங்களும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் தோட்டத்தில் நன்றாகப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பாவை, கல்லூரியில் இடம் கிடைப்பதற்காகக் காகிதத்தில் கொன்றவன் நான்.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். செலண்டாருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தைச் சுற்றி, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறோ கடிதமோ போய்விடாதபடி முள்கம்பி வேலி. தொழிலாளர் குடியிருப்பான லயத்து மக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான்தான். மனுவில் யாராவது செத்திருந்தால்தான் தோட்டத்துத் துரை மனம் இளகுவார் என்பது எங்கள் நம்பிக்கை. கல்யாண வாழ்த்துமடலும் நான்தான் எழுதுவேன். அழுகை, புகழ்ச்சி, இந்த இரண்டையும் விட்டால் எனக்கு வேறு நடை தெரியாது.

அந்த வருடம் இரண்டு விண்ணப்பங்கள் போட்டேன். ஒன்று இங்குள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு. மற்றது கடல் தாண்டி, தமிழ்நாட்டில் ஒரு புலவர் கல்லூரிக்கு. ஏன் படிக்க விரும்புகிறாய் என்று இரண்டு கல்லூரியிலும் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். அந்த வருடத்தை விட்டால் வயது தாண்டிவிடும். அப்புறம் ஆயுள் முழுக்கப் பால்வாளிதான்.

பணிந்து எழுதினால் பிச்சைக்காரன் போல இருந்தது. நிமிர்ந்து எழுதினால் துரை போல இருந்தது. தோட்டத்து மாரியம்மன் முன் பூக்கட்டிப் போட்டுக் கேட்டேன்: சிவப்புப் பூ வந்தால் பணிவு, வெள்ளை வந்தால் நிமிர்வு. முதல்முறை சிவப்பு, அடுத்தமுறை வெள்ளை. மூன்றாவது பொட்டலத்தை ஆடு தின்றுவிட்டது. "தாயே, எனக்குத்தான் புத்தியில்லை, நீயாவது சொல்" என்று அழுதேன். இரண்டு பூவும் வந்துவிட்டதே என்று இரண்டு நடையிலும் எழுத உட்கார்ந்தேன். ஆகவே ஆசிரியர் கல்லூரிக்கு மனு எழுதினேன், அப்பா காலமாகிவிட்டார் என்று. புலவர் கல்லூரிக்கு வாழ்த்துமடல் எழுதினேன், எனக்கு நானே.

தபாலில் சேர்க்கக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை காலை. வேலிக் கேட்டில் காவலுக்கு இருந்த தங்கையா அண்ணன் என் பையைச் சோதித்தார். காட்டுக்குப் போகும் கடிதமோ என்று இரண்டையும் நிதானமாகப் படித்தார்.

"தம்பி, இப்பதானே உங்கப்பா தேத்தண்ணிப் போத்தலை மோந்து பாத்து வெளிய விட்டேன். அதுக்குள்ள செத்துட்டாரா?"

மனு என்றால் அப்படித்தான் எழுதவேண்டும் என்று உளறினேன்.

"சரி, நெசமா எதுக்குப் படிக்கப் போற?"

பயத்தில் உண்மை வந்துவிட்டது. "லயத்துல யாருக்கும் எழுத வரலண்ணே. எல்லார் பொய்யையும் நானே எழுத வேண்டியிருக்கு. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டா, அவங்கவங்க பொய்ய அவங்கவங்களே எழுதிக்குவாங்க."

"இதை எழுதலாம்ல?"

அம்மனே கேட்டதுபோல் இருந்தது. காலை பஸ்ஸைப் போகவிட்டேன். கேட்டருகே பெட்டி மேல் உட்கார்ந்து ஆசிரியர் கல்லூரிக்குச் சிரிப்பும் உண்மையுமாக எழுதினேன். புலவர் கல்லூரிக்கு, தமிழில் எனக்கு என்னென்ன தெரியாது என்று அடக்கமாக எழுதினேன். மத்தியான பஸ்ஸில் போய்த் தபாலில் சேர்த்தேன்.

புலவர் கல்லூரி இன்றுவரை பதில் போடவில்லை. ஆசிரியர் கல்லூரி கூப்பிட்டது. இன்று நான் வாத்தியார். பொய்மனு எழுதுவதை விட்டுவிட்டேன்.

பேசியது அம்மனா, அண்ணனா? எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆனால் கேட்டேன், கிடைத்தது. நீங்களும் அவளிடம் கேளுங்கள். பதில் எந்த வாயிலிருந்து வந்தாலும் காதைத் திறந்து வையுங்கள்.

கல்லூரிக் கடிதம் வந்த அன்றே அதைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். அம்மனே உங்கள் வாயால் பேசினாள் அண்ணே என்று கண்ணீர் விட்டேன்.

"பையத் தொற" என்றார்.