ஆண்டவர் வரும் வெள்ளிக்கிழமை

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஆண்டவர் வருவார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு கிடக்கும் அம்மாவுக்கு நற்கருணை அப்பம் கொடுக்கப் பங்குத்தந்தை ஸ்கூட்டரில் வருவதைத்தான் அம்மா அப்படிச் சொல்வாள். வருகிறவர் ஆண்டவராக இருக்கலாம். வீட்டைத் துடைக்கிறவள் நான்தான். வேறு ஆளில்லை.

மதுக்கரையில் சிமெண்டு லாரிகள் போகிற ரோட்டோரம் வீட்டை வைத்துக்கொண்டு சுத்தம் பார்ப்பது நடக்கிற காரியமா? காலையில் துடைத்த ஜன்னலில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி ஜெயிக்க முடியாது. போன மாதம் அவளைக் குளிப்பாட்டி, விரிப்பை இரண்டாவது தடவையாக மாற்றிவிட்டு முதுகை நிமிர்த்தினேன். அப்போது பார்த்துச் சொன்னாள்:

"அம்மணி, அந்த மூலைல ஒட்டடை தொங்குது பாரு. ஆண்டவர் வாரப்ப ஊட்டை இப்படியா வெக்கறது?"

"நீங்களே எந்திரிச்சு அடிச்சுக்குங்க!"

சொல்லிவிட்டு நானே ஒட்டடையையும் அடித்தேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையும் மெழுகுவர்த்தியும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தேன். முகம் கழுவக்கூட நேரமில்லை. அதற்குள் ஸ்கூட்டர் சத்தம்.

ஃபாதர் வயதில் சின்னவர். அன்றைக்கு என்னையும் பார்த்து, "நீங்களும் நன்மை வாங்கறீங்களாம்மா?" என்று கேட்டார். நற்கருணையை நாங்கள் நன்மை என்போம்.

"நான் தயாரா இல்லீங்க ஃபாதர்."

உண்மைதான். அம்மாவைத் தனியே விட முடியாமல் கோயிலுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே என்னென்ன குப்பை சேர்ந்திருக்கிறதோ, நானே எட்டிப் பார்த்ததில்லை.

"பாவசங்கீர்த்தனம் பண்ணலாமே. எனக்கு அவசரமில்லைங்க."

எங்கள் வீட்டில் பாவங்களை அறிக்கையிட இடம் சமையலறைதான். கதவு கிடையாது, திரைச்சீலைதான். அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் சொல்வது தன் காதில் விழக்கூடாது என்று தொண்டை கிழிய ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். ஃபாதர் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். மண்டியிட முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மேடையில் சாய்ந்து நின்றபடி கோபத்தைச் சொன்னேன், அம்மாவைத் திட்டியதைச் சொன்னேன். அப்புறம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததும் வந்துவிட்டது.

"சில நாளு அம்மா போயிட்டாத் தேவலைன்னு நெனைக்கறேனுங்க ஃபாதர். என்னால முடியலீங்க."

பக்கத்து அறையில் ஜெபமாலை நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது, முன்னைவிடச் சத்தமாக. அறிவுரை எதுவும் சொல்லாமல் ஃபாதர் எழுந்தார். என் தலைமேல் கைவைத்து மன்னிப்பு வழங்கினார்.

இருவரும் நன்மை வாங்கினோம். பெரிய ஆனந்தமெல்லாம் வரவில்லை. அவர் போனதும் எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவளாகவே என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நானும் தெனமும் அதையேதான் ஆண்டவர்கிட்டக் கேக்கறேன் கண்ணு. உன்னையத் தனியா வுட்டுப்போட்டுப் போகத்தான் மனசு வர மாட்டேங்குது."